கணினியைத் தொலைக்காட்சியுடன் இணைத்தல்

கணினியைத் தொலைக்காட்சியுடன் இணைத்தல் என்பது கணினியின் காட்சி வெளியீட்டை அனுப்பி, தொலைக்காட்சியை இரண்டாம் திரையாகப் பயன்படுத்தும் முறையாகும்.

தமிழ்நாடு அரசு 2006 முதல் 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிகளையும், 2011 முதல் மாணவர்களுக்கு மடிக்கணினிகளையும் இலவசமாக வழங்கியது. ஆயினும் அப்படக்குழாய்த் தொலைக்காட்சிகளை விஜிஏ வடத்தால் நேரடியாக இணைக்க இயலாது.

பால் முறைத் தொலைக்காட்சி நொடிக்கு 15,625 கோடுகளை வரைகிறது; விஜிஏ வெளியீடு குறைந்தது ஏறத்தாழ 31,500 கோடுகளை அனுப்புகிறது. எனவே இடையில் ஒரு மாற்றி தேவை. மாற்றிய பின்னும், கோடுகள் ஒன்றுவிட்டு ஒன்றாக வரையப்படுவதால் சிறிய எழுத்துகள் நடுங்கும். புள்ளி மங்கி, 'க்' என்பது 'க' எனத் தோன்றக்கூடும். எழுத்தின் அளவைப் பெரிதாக்குவது ஓரளவு பயன் தரும்.

எச்டிஎம்ஐ வசதியுள்ள தொலைக்காட்சிகளில் இச்சிக்கல் இல்லை. ஒரே வடம் படத்தையும் ஒலியையும் கடத்துகிறது.