அசையாமல் நிற்கும் நாய்க்குப் பயமில்லையா?

"எங்க நாய் ரொம்பச் சாது, என்ன செஞ்சாலும் அசையாது." மும்பையில், சயானிலும் மாட்டுங்காவிலும் நாய் வளர்க்கும் தமிழ் வீடுகளில் பெருமையோடு சொல்லப்படும் வார்த்தை இது. குளிப்பாட்டும்போதும் நகம் வெட்டும்போதும் கடிக்காத, உறுமாத நாயைப் பற்றித்தான் இப்படிச் சொல்வார்கள். எனக்கு அந்த நாயை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது. கடிக்கிற நாய் தன் மறுப்பைச் சொல்லிவிடுகிறது. உடனே கையை எடுத்துவிடுகிறோம். சாதுவான நாய் பயத்தில் உறைந்து நிற்கும். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நாம் வேலையை முடித்துவிடுகிறோம்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மேனும் ஸ்டீவன் மையரும் நாய்களை வைத்துச் செய்த சோதனை 1967இல் வெளியானது. இன்று படித்தாலும் மனம் பதறும் சோதனை அது. தப்ப வழியில்லாமல் கட்டிவைத்து நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். பிறகு, தாழ்வான தடுப்பைத் தாண்டினால் தப்பிவிடலாம் என்று அமைந்த பெட்டிக்குள் விட்டார்கள். முன்பு கட்டுண்டு கிடந்த நாய்களில் பெரும்பாலானவை தாண்ட முயலவே இல்லை. தன் செயலால் எதுவும் மாறாது என்று விலங்கு கற்றுக்கொண்டுவிடுவதாக அவர்கள் விளக்கிய இந்த நிலைக்குக் கையறுநிலை என்று பெயர் சொல்லலாம். வீட்டில் மூன்று பேர் சேர்ந்து நாயைப் பிடித்துக் குளிப்பாட்டுவது அந்தக் கொடுமைக்கு அருகில்கூட வராது. ஆனால் அசையாமல் இருப்பது மட்டுமே அமைதிக்கு அத்தாட்சி ஆகாது என்பதை அந்த நாய்கள் காட்டிவிட்டன.

அப்படியானால் பயத்தை எதைக்கொண்டு கண்டுபிடிப்பது? முகத்தைப் பாருங்கள். பயந்த நாய் சாப்பாடு எதுவும் இல்லாதபோது மூக்கை நக்கும். தூக்கம் வராமலே கொட்டாவி விடும். தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணை மட்டும் உங்கள் பக்கம் உருட்டும். அப்போது விழியோரத்தில் வெள்ளை பிறைபோலத் தெரியும். வால் தொடைகளுக்கிடையே போய்விடும். வெயில் இல்லாதபோதும் மூச்சு வாங்கும். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: நாய்க்கு வியர்வைச் சுரப்பிகள் முக்கியமாகப் பாதத்தின் மெத்தைகளில்தான் இருக்கின்றன. பயந்த நாய் நின்ற இடத்தில் மொசைக் தரையில் ஈரத் தடம் இருக்கும். எல்லாவற்றையும்விட எளிய சோதனை தீனி. மிகப் பிடித்த கோழித் துண்டை மூக்கருகே நீட்டியும் முகத்தைத் திருப்பினால், அந்த நாய் பயத்தின் எல்லையைத் தாண்டிவிட்டது. அன்றைய வேலையை அங்கேயே நிறுத்த வேண்டும்.

சயானில் இந்தப் பிரச்சினைக்கு ஒரு தனி முகம் உண்டு. மழைக்காலத்தில் சயான், காந்தி மார்க்கெட், கிங்ஸ் சர்க்கிள் பக்கம் தண்ணீர் தேங்காத ஆண்டு அபூர்வம். அந்தத் தண்ணீரில் எலிச் சிறுநீர் கலந்திருந்தால் லெப்டோஸ்பைரா கிருமி இருக்கலாம். அது மனிதரையும் நாயையும் ஒருசேரத் தாக்கும். ஆகவே வெளியே போய்வந்த நாயின் பாதத்தை ஒவ்வொரு முறையும் கழுவித் துடைத்தாக வேண்டும்; தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். விரலிடுக்கில் ஈரம் தங்கினால் மலசீசியா என்ற பூஞ்சை பெருகி அரிப்பும் நாற்றமும் வரும். சிக்கல் என்னவென்றால், பல நாய்களுக்குத் தொட்டாலே பிடிக்காத இடம் பாதம். பயந்த நாய்க்குப் பிடிக்காத இடத்தைத்தான் மும்பை மழை நம்மைத் தினமும் தொட வைக்கிறது.

வழி பழையது, ஒரு குழந்தையிடமிருந்து வந்தது. மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலைக் கண்டாலே அலறிய பீட்டர் என்ற சிறுவனைப் பற்றி 1924இல் எழுதினார். அவன் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூண்டு முயலைத் தூரத்தில் வைத்தார்கள். அவன் சாப்பாட்டை நிறுத்தாத அளவுக்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அருகே கொண்டுவந்தார்கள். முடிவில் பீட்டர் முயலைத் தடவிக்கொடுத்தான். இன்று விலங்கு நடத்தை நிபுணர்கள் பயந்த நாய்களுக்குச் செய்வதும் அடிப்படையில் இதேதான். பயம் தரும் பொருள் மிகச் சிறிய அளவில் வரவேண்டும். அது வந்த உடனே நல்லது ஏதாவது வரவேண்டும்.

நாயின் விஷயத்தில் முயலின் இடத்தில் சீப்பு. முதலில் அது தரையில் கிடக்கட்டும். நாய் முகர்ந்து பார்த்தால் ஒரு துண்டு கோழி. அடுத்து, சீப்பின் முதுகுப்பக்கம் தோளில் ஒரு நொடி பட்டால் ஒரு துண்டு. நெஞ்சிலும் தோளிலும் தொடங்குங்கள். பாதம், வால், காது கடைசி. பாதத்துக்கும் இதே ஏணிதான்: தோளிலிருந்து முழங்கை, முழங்கையிலிருந்து மணிக்கட்டு, பிறகு ஒரு நொடி பாதம், அதன்பின் ஈரத்துணி. வரிசை முக்கியம். தொட்ட பிறகுதான் தீனி வரவேண்டும். தீனியைக் காட்டி இழுத்துவந்து பிடித்தால், கோழியைக் கண்டாலே நாய் கட்டிலுக்கடியில் போய்விடும்.

நாய் எழுந்து போனால் போகவிடுங்கள். என் பார்வையில் இந்த முறையின் உயிர் இதில்தான் இருக்கிறது. கொல்கத்தா ஐசர் நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு தெருநாய்களை ஆராய்ந்து 2017இல் ஒரு முடிவை வெளியிட்டது. முன்பின் தெரியாத மனிதர் திரும்பத் திரும்ப வரும்போது, உணவு பெற்ற நாய்களைவிடத் தடவிக்கொடுக்கப்பட்ட நாய்கள் அவரை அதிகம் நம்பின. நம் ஊர் நாய்க்கு மனிதக் கை எவ்வளவு பெரிய பரிசு என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. ஆனால் அவை தெருவில் திரியும் நாய்கள். பிடிக்காவிட்டால் விலகிப் போக அவற்றுக்கு வழி இருந்தது. பத்துக்குப் பத்து அறையில் வளரும் நாய்க்கு அந்த வழியை நாம்தான் கொடுக்க வேண்டும்.

வீட்டுக்குள் குளிக்கும் இடமான மோரியில் குளிப்பாட்டும் வீடுகளில் நாயைப் பதற வைப்பது பெரும்பாலும் வழுக்கும் தரை. பழைய கோணியோ ரப்பர் பாயோ போட்டால் பாதி நடுக்கம் குறையும். பக்கெட்டில் தண்ணீரை முன்பே பிடித்து வைத்துக்கொண்டால் குழாய்ச் சத்தம் இல்லை. தட்டில் தயிரைப் பரப்பி வைத்தால் நக்கிக்கொண்டே நிற்கும். மனிதத் தோல் அமிலத்தன்மை உடையது. நாய்த் தோல் நடுநிலையை ஒட்டியது. அதனால் நம் ஷாம்புவும் குழந்தை ஷாம்புவும் அதற்கு ஏற்றவை அல்ல. குட்டை ரோமமுள்ள நம் நாட்டு நாயான இண்டிக்கு மாதம் ஒரு குளியல் தாராளம். உலர்த்த டவல் போதும். நம் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். நாய்க்காது 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ட்ரையரில் நமக்குக் கேட்காத கீச்சொலியும் அதற்குக் கேட்கலாம். நாயின் காதுக்குழாய் உள்ளே போய் மடங்குவதால் புகுந்த தண்ணீர் எளிதில் வெளியே வராது. தலையை நனைக்காமல் ஈரத்துணியால் துடைப்பதே நல்லது.

நகத்துக்குள் ரத்தநாளமும் நரம்பும் ஓடுகின்றன. கறுப்பு நகத்தில் அவை வெளியே தெரியாது. ஒரு நாளைக்கு ஒரு நகம், அதிலும் நுனியில் மெல்லிய சீவல் மட்டும். ரத்தம் வந்தால் கார்ன்ஃப்ளார் மாவை வைத்து அழுத்துங்கள். கத்தரியையே பார்க்க முடியாத நாய்க்குப் பலகையில் உப்புத்தாளை ஒட்டி, அதைப் பிறாண்டினால் தீனி என்று பழக்கலாம். முன்னங்கால் நகங்களை அது தானே தேய்த்துக்கொள்ளும். யாரும் பிடிக்க வேண்டியதில்லை என்பதால் எனக்கு மிகவும் பிடித்த வழி இது.

சீவும்போதே உண்ணியையும் பாருங்கள்: காதுக்குள், கழுத்தில், விரலிடுக்கில். எர்லிக்கியா, பபேசியா காய்ச்சல்கள் உண்ணியால் வருபவை. சாமணத்தால் உண்ணியைத் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய், நெருப்பு இரண்டும் கூடாது.

ரோமம் சடையாகிவிட்டாலோ, காது நாறினாலோ, தொட்டதும் வலியில் கத்தினாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள். 1886இல் தொடங்கிய பம்பாய் கால்நடைக் கல்லூரி சயானுக்குத் தெற்கே பரேலில்தான் இருக்கிறது. மயக்க மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அசெப்ரோமசீன் போன்ற மருந்து உடலை அடக்கும். பயத்தைக் குறைக்கும் என்று நம்ப முடியாது. பயத்தையே தணிக்கும் மருந்துகளும் இருக்கின்றன. எது, எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

மும்பையில் வழக்கமாக ஜூன் இரண்டாம் வாரம் பருவமழை இறங்கிவிடும். அதன் பின்னாலேயே கணபதி ஊர்வல மேளமும் தீபாவளி வெடியும் வரிசையாக வரும். பயந்த நாய் புதிதாக எதையும் கற்கும் காலம் அல்ல அது. பாதம் தொடும் பயிற்சியை மே மாதத்திலேயே தொடங்கிவிடுங்கள். தினம் இரண்டு நிமிடமும், எழுந்து போகும் நாயைப் போகவிடும் பொறுமையும் இருந்தால் போதும்.