கிடாருக்குள் ஒளிந்திருக்கும் பெயர்

ஞாயிறு ஆராதனை முடிந்து, மதியச் சாப்பாடும் முடிந்த நேரம். ஆம்பூரை ஒட்டிய ஒரு காலனி. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வராந்தாவில் ஏழு பேர், ஒன்பது எலெக்ட்ரிக் கிடார்கள், இரண்டு ஆம்ப்ளிஃபையர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு இவர்கள் இப்படிக் கூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு நாம் போயிருந்தோம். சர்ச்சில் வாசிப்பவர்கள் மூன்று பேர். கல்யாண ஆர்கெஸ்ட்ராவுக்குப் போகிறவர்கள் இரண்டு பேர். மற்ற இருவர் வீட்டுக்குள் மட்டும் வாசிப்பவர்கள். வார நாட்களில் இவர்களுக்கு ஷூ கம்பெனி, தோல் ஷாப், லோடு வண்டி, செல்போன் கடை என்று வேறு பிழைப்பு.

நாம் போனபோது வாக்குவாதம் சூடாக இருந்தது.

"இன்னாண்ணா, கம்பிய இவ்ளோ இறக்கிட்ட? ஃப்ரெட்ல இடிக்காதா?"

"வாசிச்சுப் பாரு, அப்புறம் பேசு."

பையன் வாங்கி வாசித்தான். இடிக்கவில்லை. சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தான்.

அங்கே இருந்த கிடார்களில் ஒன்றுகூட விலை உயர்ந்தது இல்லை. ஒருவரிடம் கொல்கத்தா தயாரிப்பான கிவ்சன். "அமெரிக்காக்காரனுக்கு கிப்சன், நமக்கு கிவ்சன்" என்று அவரே கிண்டல் செய்துகொண்டார். இன்னொருவரிடம் தவணையில் வாங்கிய பழைய ஸ்க்வையர். மீதி எல்லாம் பெயர் அழிந்துபோன சீனத் தயாரிப்புகள். ஆனால் கடையில் வாங்கியபடி இருந்த கிடார் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்றை மாற்றியிருந்தார்கள். அவர்கள் பேசியதும் அதைப் பற்றித்தான். யார் எதை மாற்றினார்கள், எவ்வளவு செலவானது, சத்தம் எப்படி மாறியது என்பதே அன்றைய பேச்சு.

மாற்றியவர் பெரும்பாலும் ஒருவரே. ஷூ கம்பெனியில் இருபது வருடமாக வேலை செய்கிறவர். எல்லோருக்கும் அவர் பெரியண்ணன். பெயர் போட வேண்டாம் என்று நம்மிடம் முதலிலேயே சொல்லிவிட்டார். காரணத்தைக் கடைசியில்தான் சொன்னார்.

எலும்பின் வேலை

கிடாரின் கழுத்துக்கு மேல், தலைப்பகுதி தொடங்கும் இடத்தில் ஒரு சிறிய வெள்ளைத் துண்டு இருக்கும். ஆறு கம்பிகளும் அதிலுள்ள ஆறு காடிகள் வழியாகத்தான் போகும். இதற்கு நட் என்று பெயர். காடி ஆழமாகப் போனால் கம்பி ஃப்ரெட்டில் இடித்து இரையும். ஆழம் போதாவிட்டால் அழுத்தி அழுத்தி விரல் நோகும். மலிவு கிடார்களில் இது பிளாஸ்டிக். காடியில் கம்பி சிக்கிக்கொள்ளும், சுருதி நிற்காது. விலை உயர்ந்த கிடார்களின் விளம்பரத்தில் 'போன் நட்' என்று பெருமையாகப் போடுவார்கள். அதாவது மாட்டு எலும்பு. கெட்டியாக இருக்கும், மெருகேறும், கம்பி வழுக்கிப் போகும்.

பெரியண்ணன் அதை வீட்டிலேயே செய்கிறார். கறிக்கடையில் மாட்டுக் கால் எலும்பு வாங்கி, வேகவைத்து, கொழுப்பு போகச் சுரண்டி, வெயிலில் நாள்கணக்கில் காயவைக்கிறார். பிறகு ஆக்சா பிளேடால் அறுத்து, அரம் போட்டு, உப்புத்தாளில் தேய்க்கிறார். காடி வெட்ட வெளிநாட்டு அரம் வாங்கினால் ஆயிரக்கணக்கில் ஆகும். இவர் பயன்படுத்துவது கேஸ் வெல்டிங் நாசில் சுத்தம் செய்யும் கம்பி அரம். ஹார்டுவேர் கடையில் நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது.

"எலும்பு எடுத்தா தீட்டுன்னு சொன்னவங்க ஊரு இது. அதே எலும்பு கிடார்ல உக்காந்தா ஸ்பெஷல் ஐட்டம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அரத்தை ஊதிக்கொண்டே சொன்னார்.

கிடார்களைத் தோளில் மாட்டும் வார்களும் அவர் தைத்தவைதான். கம்பெனியில் கழித்துப்போட்ட துண்டுத் தோலை எடை போட்டு வாங்கி, ஓரங்களைச் சீவி, இரட்டைத் தையல் போட்டிருக்கிறார். நாம் இழுத்துப் பார்த்தோம். ஆர்கெஸ்ட்ராக்காரர் ஒருவர் எட்டு வருடமாக அதே வாரை மாட்டுகிறாராம்.

காயில் கட்டுகிறவரின் பங்கு

இரண்டாவது கைவேலைக்காரர், ஃபேன், மோட்டார் காயில் கட்டுகிறவர். எலெக்ட்ரிக் கிடாரின் உயிர் கம்பிக்குக் கீழே இருக்கும் பிக்கப். அதில் காந்தத்தைச் சுற்றி, தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி பல ஆயிரம் சுற்று சுற்றியிருக்கும். மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைந்து, காயிலில் சிறு மின்சாரம் பிறக்கும். அதைத்தான் ஆம்ப்ளிஃபையர் பெரிதாக்குகிறது.

"மோட்டார்ல கரண்ட் விட்டா சுத்தும். இதுல அதிர்ந்தா கரண்ட் வரும். வேலை ஒண்ணுதான்" என்றார் அவர். அறுந்துபோன பிக்கப்பைப் பிரித்து மறுபடி கட்டிக் கொடுக்கிறார். சுற்று கூடினால் சத்தம் தடிக்கும், குறைந்தால் கூர்மையாகும். அதையும் கேட்டுக் கேட்டே கட்டுகிறார்.

ஒற்றைக் காயில் பிக்கப் வீட்டு மின்சாரத்தின் 'உம்' ஓசையையும் சேர்த்து இழுக்கும். இரண்டு காயில்களை எதிரெதிராக இணைத்து அந்த ஓசையை அடித்துக்கொள்ளச் செய்யும் ஹம்பக்கர் பிக்கப்பை 1955இல் கிப்சன் நிறுவனத்தில் உருவாக்கியவர் சேத் லவர். அதை வாங்க முடியாதவர்கள் இங்கே கிடாரின் உள்குழிவில் அடுப்படி அலுமினியத் தாளை ஒட்டி, எர்த் கம்பியோடு இணைத்துவிடுகிறார்கள். 'உம்' முழுசாகப் போகாது, இரைச்சல் ஓரளவு குறைகிறது.

எர்த் என்றதும் எல்லோர் முகமும் மாறியது. திருவிழா மேடைகளில் எர்த் இல்லாமல் கரண்ட் இழுப்பது சாதாரணம். கை கிடார் கம்பியில், உதடு மைக்கில் பட்டால் ஷாக். வந்திருந்தவர்களில் நான்கு பேர் அடி வாங்கியவர்கள். மைக்கைத் தொடும் முன் டெஸ்டர் வைத்துப் பார்ப்பது இப்போது இவர்களின் பழக்கம். வாசிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதை அவசியம் சொல்லி வையுங்கள்.

பஞ்சத்தில் பிறந்த சத்தம்

இல்லாததை இருப்பதைக் கொண்டு சரிக்கட்டுவது இந்த வராந்தாவில் தொடங்கிய பழக்கம் அல்ல. எலெக்ட்ரிக் கிடாரின் கதையே அதுதான். அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகள் துடைப்பத்தில் கட்டியிருந்த கம்பியை உருவி, வீட்டுச் சுவரில் ஆணியடித்துக் கட்டி, அடியில் பாட்டிலைச் செருகி வாசிக்கப் பழகினார்கள். பின்னாளில் புகழ்பெற்ற ப்ளூஸ் கலைஞர்கள் சிலருக்கு அதுதான் முதல் வாத்தியம். 1951இல் மெம்ஃபிஸ் நகருக்கு ஒலிப்பதிவுக்குப் போன கறுப்பினக் குழு ஒன்றின் ஆம்ப்ளிஃபையர் வழியில் உடைந்தது. கிழிந்த ஸ்பீக்கருக்குள் காகிதத்தைத் திணித்து வில்லி கிசார்ட் வாசித்தார். அந்தக் கரகரப்போடு வெளிவந்த 'ராக்கெட் 88' பெரிய வெற்றி பெற்றது. இன்று அதே கரகரப்புக்காக உலகம் முழுவதும் பெடல் வாங்குகிறார்கள்.

நாம் இந்த வராந்தாவில் சொன்ன கதைகளில் அவர்களுக்கு மிகவும் பிடித்தது டோனி அயோமியின் கதை. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் தகரத் தொழிற்சாலைத் தொழிலாளி. இடது கைப் பழக்கக்காரர். 17 வயதில், வேலையை விடவிருந்த கடைசி நாளில், கம்பி அழுத்தும் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இயந்திரம் வெட்டியது. அவர் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்தார். வழுக்காமல் இருக்கப் பழைய ஜாக்கெட்டின் தோலை அதன்மேல் ஒட்டினார். வலி குறைய மெல்லிய கம்பிகள் போட்டார். பிறகு சுருதியையும் இறக்கினார். பிளாக் சபாத் குழுவின் கனத்த ஓசைக்கு அது பெரிய காரணமானது.

பெரியண்ணன் தன் கையைப் பார்த்தார். "தோல் ஒட்டினாரா? எந்தத் தோல்னு தெரியுமா?" என்று கேட்டார். இருபது வருடத் தொழிலாளியின் கேள்வி அது.

யார் பெயர் நிற்கிறது?

ஃபெண்டர் கிடாரை உருவாக்கிய லியோ ஃபெண்டர் ரேடியோ மெக்கானிக். அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது. அவருடைய கலிஃபோர்னியா தொழிற்சாலையில் 1950களில் கிடாரின் கழுத்தைச் செதுக்கியவர்களில் ஒருவர் டாடியோ கோமெஸ். தான் செய்த கழுத்தின் அடியில் 'டி.ஜி.' என்று பென்சிலால் எழுதுவார். 1956இல் அங்கே வேலைக்குச் சேர்ந்த அபிகெய்ல் யபாரா என்ற பெண் 2013 வரை பிக்கப் காயில் சுற்றினார். அவரும் தன் பெயரின் முதல் எழுத்துகளைப் போட்டார். இன்று பழைய ஃபெண்டர் வாங்குகிறவர்கள் திருப்புளியோடு அந்த எழுத்துகளைத் தேடிப் பார்க்கிறார்கள். எழுத்து இருந்தால் மதிப்பு ஏறுகிறது.

நம் ஊரில் மிருதங்கம் செய்கிறவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். தோலைத் தேர்ந்தெடுத்து, பதமாக்கி, வார் இழுத்து, நாதம் கொண்டுவருவது அவர்கள் கை. மேடையில் கேட்பது வித்வானின் பெயர். டி.எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று அவர்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுத வேண்டியிருந்தது.

இதைச் சொன்ன பிறகுதான் பெரியண்ணன் தன் கதையைச் சொன்னார். நகரத்தில் உள்ள ஓர் இசைக்கருவிக் கடை பழுது வேலைகளை இவருக்குத்தான் அனுப்புகிறது. எலும்பு நட் போட்டு, கம்பி உயரம் சரிசெய்து கொடுத்தால் கடைக்காரர் தருவது 200 ரூபாய். வாடிக்கையாளரிடம் வாங்குவது 1,200 ரூபாய். பில்லில் 'இம்போர்ட்டட் போன் நட்' என்று எழுதுகிறாராம். கூலியைவிட இவரை உறுத்துவது வேறு. 'எங்கே செய்தது என்று கேட்டால் காலனி பெயரைச் சொல்லிவிடாதே' என்று கடைக்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார். பெயர் வெளியே வந்தால் அந்த 200 ரூபாயும் நின்றுவிடும். பெயர் போட வேண்டாம் என்று நம்மிடம் சொன்னதற்கும் அதுதான் காரணம்.

இளைஞர்கள் கொதித்தார்கள். மெயின் ரோட்டில் நம்ம பெயரிலேயே போர்டு வைக்கலாம் என்றார்கள். காயில் கட்டுகிறவர், "போர்டு வைக்கலாம். மாச வாடகை யார் கட்றது?" என்று கேட்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பெரியண்ணனின் மகள் கல்லூரியில் படிக்கிறாள். அவளுடைய பஸ் பாஸும் புத்தகமும் அந்த 200 ரூபாய்களில்தான் வருகின்றன. அவரைக் கோழை என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

பிறகு செல்போனில் ஒரு வீடியோ ஓடியது. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு. பறையும் கானாவும் எலெக்ட்ரிக் கிடாரும் ஒரே மேடையில். குழுவின் பெயரே அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்ற சிந்தனையிலிருந்து வந்தது. பையன்கள் எந்தப் பெடல், எந்த கிடார் என்று திரையைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். பெரியண்ணன் பறையின் தோலைப் பார்த்தார்.

நாம் கிளம்பும்போது மணி ஆறு. மறுநாள் கடைக்குத் திரும்ப வேண்டிய கிடார் ஒன்று அவர் மடியில் இருந்தது. முன்பக்கத் தகட்டைக் கழற்றி, உள்ளே ஒயரை ஈயம் வைத்து ஒட்டினார். தகட்டை மூடும் முன் பையனிடம் பென்சில் கேட்டார். மரத்தில், யாருக்கும் தெரியாத இடத்தில், தமிழில் தன் பெயரையும் அதற்குக் கீழே காலனியின் பெயரையும் எழுதினார். பிறகு பதினொரு திருகுகளையும் ஒவ்வொன்றாக முடுக்கினார்.

இந்த மாவட்டத்தில் கிடார் வாங்கியவர்கள், பழுது பார்த்தவர்கள் ஒருநாள் திருப்புளியை எடுத்துத் திறந்து பாருங்கள். உள்ளே ஒரு பெயர் இருந்தால், அடுத்த முறை கடைக்குப் போகாமல் நேராக அந்த முகவரிக்குப் போங்கள். போர்டுக்கான வாடகை அங்கிருந்து வரட்டும்.