நடுக் குடும்பத்தின் வருமானத்தைக் கணிக்கும் முறை

தலவாக்கலையைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில், தேயிலைத் தோட்டத்தில் நாட்சம்பளம் பெறும் குடும்பங்களும், கறட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு முதலியவற்றைப் பயிரிடும் குடும்பங்களும் அயலயலே வாழ்கின்றன. கொத்மலைப் பள்ளத்தாக்கில் நெற்செய்கை நடைபெறுகின்றது. இப்பகுதியின் சாதாரணக் குடும்பமொன்று மாதந்தோறும் எவ்வளவு வருமானம் பெறுகின்றது? அது ஆண்டுக்காண்டு முன்னேறுகின்றதா? வறியோர் எத்தனை பேர் என அரசாங்கம் கணிப்பதற்கு, இவ்விபரங்களோடு சேர்த்துத் திரட்டப்படும் குடும்பச் செலவு விபரங்களே ஆதாரமாகும். ஆதலால் அவை திரட்டப்படும் முறையைக் கமக்காரர் அறிந்திருத்தல் நன்று.

சராசரியும் இடையமும்

ஐந்து குடும்பங்களின் மாத வருமானம் முறையே 30,000, 38,000, 45,000, 60,000, 227,000 ரூபாய் எனக் கொள்வோம். மொத்தம் 400,000 ரூபாய். சராசரி 80,000 ரூபாய். ஆயினும் நான்கு குடும்பங்கள் இத்தொகையைக் கண்டதேயில்லை. வசதிமிக்க ஒரு குடும்பமே சராசரியை உயர்த்திவிட்டது. வருமானங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி நடுவிலுள்ளதை எடுத்தால் 45,000 ரூபாய் கிடைக்கும். இதுவே இடையம். குடும்பங்களின் தொகை இரட்டையெண்ணாயின், நடுவிலுள்ள இரண்டையும் கூட்டிப் பாதியாக்குதல் வேண்டும்.

நாடளாவிய அளவீடு

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை குடும்பங்களின் வருமானத்தையும் செலவையும் அளவிடுகின்றது. நாடெங்கும் ஏறக்குறைய 25,000 வீடுகள் மாதிரியாகத் தெரிவு செய்யப்படுகின்றன. அறுவடை மாதத்தில் மட்டும் விசாரித்தால் கமக்காரர் செல்வராகவும், நடுகை மாதத்தில் மட்டும் விசாரித்தால் வறியவராகவும் தோன்றுவர். ஆகையால் விசாரணை 12 மாதங்களுக்கும் பரவலாக நடத்தப்படுகின்றது.

2016ஆம் ஆண்டில் இலங்கைக் குடும்பங்களின் மாத வருமானச் சராசரி 62,237 ரூபாய்; இடையம் 43,511 ரூபாய். 2019இல் சராசரி 76,414 ரூபாயாகவும் இடையம் 53,333 ரூபாயாகவும் உயர்ந்தன. எனினும் 2019இன் சராசரியைத் துறைவாரியாகப் பிரித்தால் நகர்ப்புறம் 116,670, கிராமம் 69,517, தோட்டம் 46,865 ரூபாய் என வேற்றுமை புலப்படும். அவ்வாண்டில் நாடு முழுவதிலும் வறியோர் நூற்றுக்கு 14.3 பேராயிருக்க, தோட்டத்துறையில் நூற்றுக்கு 33.8 பேராயினர்.

நுவரெலியா மாவட்டத்தில் நகரும் கிராமமும் தோட்டமும் கலந்துள்ளன. ஆகவே மாவட்டம் முழுவதற்குமான ஒரே தொகை லயன் குடும்பத்தின் நிலையை மறைத்துவிடக் கூடும். மேலும், தலவாக்கலை போன்ற சிறு பகுதியொன்றில் மாதிரிக்கு அகப்படும் வீடுகள் மிகச் சிலவே. அவற்றுள் ஒரு வீடு தவறான விபரம் தந்தாலும், அப்பகுதியைப் பற்றிய கணிப்புப் பெரிதும் பிழைபடும்.

விலையேற்றத்தைக் கவனித்தல்

2016க்கும் 2019க்கும் இடையில் இடையம் 9,822 ரூபாயால், அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 22.6 வீதத்தால், கூடியது. இதனைக் கண்டு வாழ்வு அவ்வளவுக்கு உயர்ந்ததெனக் கொள்ளலாகாது. அரிசி, மா, மண்ணெண்ணெய், பசளை ஆகியவற்றின் விலையேற்றத்தையும் கவனித்தல் வேண்டும். 2022 செப்டம்பரில் தேசிய நுகர்வோர் விலைச்சுட்டெண் முந்திய ஆண்டின் அதே மாதத்தைவிட நூற்றுக்கு 73.7 கூடியிருந்தது. முன்னர் 50,000 ரூபாயில் நடந்த குடும்பத்திற்கு, அதே வாழ்வை நடத்த 86,850 ரூபாய் தேவைப்பட்டது. வருமானம் 60,000 ரூபாயாக உயர்ந்த குடும்பமும் உண்மையிற் பின்னடைந்ததேயாம்.

கமக்காரர் செய்யவேண்டியவை

1. விற்ற பணம் முழுவதும் வருமானமன்று. கறட் விற்று 180,000 ரூபாய் பெற்று, விதை, பசளை, கிருமிநாசினி, கூலி, லொறிக்கூலி ஆகியவற்றுக்கு 120,000 ரூபாய் செலவாயின், வருமானம் 60,000 ரூபாயே. பயிர் மூன்று மாதம் நின்றதாயின் மாதத்திற்கு 20,000 ரூபாயாகும்.

2. பெரும்போகம், சிறுபோகம் ஆகிய இரண்டின் வரவையும் செலவையும் ஓராண்டுக்குச் சேர்த்து, 12ஆற் பிரித்தல் வேண்டும்.

3. வீட்டுத் தேவைக்கென வைத்த நெல்லையும் மரக்கறியையும் சந்தை விலைப்படி மதித்துச் சேர்த்தல் வேண்டும்.

4. தோட்டச் சம்பளத்தோடு லயன் அருகிலுள்ள சிறு மரக்கறித் துண்டின் ஆதாயத்தையும், வெளியூரிலுள்ள பிள்ளைகள் அனுப்பும் பணத்தையும் எழுதுதல் வேண்டும்.

5. கடனாகப் பெற்ற பணத்தை வேறாக எழுதுக. திருப்பிக் கொடுக்க வேண்டிய தொகை ஆதாயமாகாது.

உதவி கிடைக்குமென்று குறைத்துச் சொல்வதும், மானங்கருதிக் கூட்டிச் சொல்வதும் ஊருக்கே தீங்காகும். மாதிரியில் தெரிவான ஒரு வீடு, தெரிவாகாத பல நூறு வீடுகளுக்காகவும் விடை கூறுகின்றது. ஆதலால், ஒரு சாதாரண அப்பியாசப் புத்தகத்தில் நாள்தோறும் வரவு செலவு எழுதிவருதல் ஒவ்வொரு கமக்காரரின் கடமையாகும். கணக்கு எழுதும் குடும்பம், பயிர் எப்போது இலாபந் தந்தது, எப்போது கையைக் கடித்தது என்பதையும் தானே அறிந்துகொள்ளும்.