உயிர் வெறுத்த நோயாளரும் தாதியர் கடமையும்

பிழைத்தல் வேண்டும் என்னும் விருப்பத்துடனேயே நோயுற்றோர் வைத்தியசாலையை நாடுவர். ஆயின், உயிரையே வெறுத்த நிலையிற் கொண்டுவரப்படுவோரும் உளர். தற்கொலைக்கு முயன்று காப்பாற்றப்பட்டோர், கடும் மனச்சோர்வினால் வாடுவோர், ஓயாத நோவினால் நம்பிக்கை இழந்தோர் ஆகிய இவர்கள், மனநோய் விடுதிகளில் மட்டுமன்றிப் பொது விடுதிகளிலும் இருப்பர். இவர்களைப் பேணும் முறை யாது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண், தவறான எண்ணம் ஒன்றை நீக்குதல் வேண்டும். தற்கொலையைப் பற்றி வினவினால், இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டியவராவோம் எனப் பலர் அஞ்சுவர். ஆராய்ச்சிகள் இவ்வச்சத்துக்கு ஆதாரம் காட்டவில்லை. "உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உங்களுக்கு வருவதுண்டா?" எனப் பிறர் செவிப்படாதவாறு, பரிவோடும் நேராகவும் கேட்டல் நன்று. "ஆம்" என விடை வரின், தாதி அதனை உடனே வைத்தியருக்கு அறிவித்துக் குறிப்பேட்டிற் பதிதல் வேண்டும். "எவரிடமும் சொல்லாதீர்கள்" என நோயாளி இரந்தாலும் அதற்கு வாக்களித்தல் ஆகாது. "உங்களைக் காக்கவேண்டியவர்களிடம் மட்டும் சொல்வேன்" என உண்மையைக் கூறுதலே முறை.

இரண்டாவது, சூழலின் பாதுகாப்பு. இலங்கையில் 1995ஆம் ஆண்டளவில், இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தற்கொலையால் மாண்டனர். கொடிய பூச்சிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின், 2015ஆம் ஆண்டளவில் இவ்வீதம் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகக் குறைந்தது. சாகத் துணியும் வேகம் பெரும்பாலும் சிறிது நேரத்துக்கே உரியது. அவ்வேளையிற் கொடிய பொருள் கைக்கெட்டாதாயின் உயிர் தப்பும் என்பதே இதனாற் பெறப்படும் பாடம். விடுதிக்கும் இஃது ஒக்கும். அத்தகைய நோயாளியின் கட்டில் தாதியர் மேசைக்கு அண்மையில் இருத்தல் வேண்டும். ஊறு விளைக்கும் பொருள்களை அகற்றுதலும், மருந்தைக் கண்ணெதிரே விழுங்கச்செய்தலும் இன்றியமையாதன.

மூன்றாவது, இடையறாக் கவனம். ஆபத்து மிகுந்தவரைக் கண்பார்வையினின்றும் நீங்கவிடலாகாது. குறித்த இடைவேளைகளிற் பார்த்துவருமாறு பணிக்கப்பட்டவிடத்து, முன்கூட்டி அறியக்கூடிய நேர ஒழுங்கைத் தவிர்த்தல் வேண்டும். பணி கைமாறும் வேளையில் வருந்தாதிக்கு யாவும் வாய்மொழியாகவும் எழுத்திலும் ஒப்புவிக்கப்படல் வேண்டும். துணைக்கு உறவினர் இருக்கின்றாரென எண்ணிப் பொறுப்பை அவர்மேற் சுமத்தலாகாது. கலங்கியிருந்தவர் காரணமின்றித் திடீரென அமைதியடைவாராயின், குணமடைந்துவிட்டாரென முடிவுசெய்யாது மீண்டும் உசாவுதல் வேண்டும்.

எனினும், கண்காணிப்பு மட்டும் போதாது. வாய்பேசாது அருகே காத்திருக்கும் தாதியை நோயாளி சிறைக்காவலராகவே கருதுவார். அருகமர்ந்து அவர் துயரைச் செவிமடுப்பவரோ அவருக்கு உற்ற துணையாவார். "பிள்ளைகளை நினைத்துப் பார்த்தாயா?" என இடித்துரைப்பது, ஏற்கெனவே வெட்கத்தாற் குன்றியவரை மேலும் குன்றச்செய்யும். தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கொண்ட சட்டப்பிரிவு இலங்கையில் 1998ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. சட்டமே குற்றவாளியெனக் கொள்ளாத ஒருவரை விடுதியிலுள்ளோர் குற்றவாளியாக நடத்துதல் தகுமோ?

இறுதியாக, வீடு திரும்பிய முதற் சில நாள்களும் கிழமைகளும் பேராபத்துக்குரியன. ஆதலின், துயரம் பெருகுவதற்கான அறிகுறிகள் யாவை, அப்போது செய்யத்தக்கது யாது, யாரை அழைப்பது என்பனவற்றை நோயாளியோடு கலந்து அவர் சொற்களிலேயே எழுதிக்கொடுத்தல் வேண்டும். மருந்துகளையும் பூச்சிநாசினிகளையும் பூட்டிவைக்குமாறு குடும்பத்தாருக்கு அறிவுறுத்தலும், அடுத்த சிகிச்சை நாளைக் குறித்துக்கொடுத்தலும் கடமையாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி எண்ணையும் அத்தாளிற் பொறித்தல் நலம். நேயர்களுள் எவரேனும் இத்தகைய துயரில் இருப்பின், அவருக்கும் அவ்வெண் உரியதே.

நஞ்சை நீக்குதல் வைத்தியத்தின் முதற்பாதி. வாழும் விருப்பம் மீளுமளவும் நோயாளியைத் தனியே விடாதிருத்தல் அதன் மறுபாதி. இம்மறுபாதி பெரிதும் தாதியர் கையிலேயே தங்கியுள்ளது.