எலும்பு வழியே ஓர் உயிர் காக்கும் ஊசி

வாந்திபேதியினால் குழந்தையின் உடலில் நீர் வற்றிவிட்டால், இரத்தக் குழாய்கள் சுருங்கி ஒட்டிக்கொள்கின்றன. கையிலும் காலிலும் தேடியும் ஊசி ஏற்ற இடம் அகப்படாது. அவ்வேளையில் மருத்துவர், முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பிலேயே ஊசியைச் செலுத்த முற்படுவார். பெற்றோர் பதறித் தடுக்க முனைவது இயல்பே. ஆயின் அத்தடையில் கழியும் நிமிடங்கள் விலைமதிப்பற்றவை. ஆகவே இம்முறையை நம் குடும்பத்தார் முன்னரே அறிந்திருத்தல் நலம்.

எலும்பினுள் மஜ்ஜை உண்டு. அதிலுள்ள நுண்ணிய குழாய்களைக் கெட்டியான எலும்புச் சுவர் தாங்கி நிற்பதால், உடல் எவ்வளவு வாடினும் அவை ஒட்டுவதில்லை. அங்கே செலுத்தும் உப்பு நீரும் மருந்தும் விரைவில் இதயத்தை அடைகின்றன. 1922-ல் அமெரிக்க அறிஞர் டிரிங்கரின் குழுவினர் மஜ்ஜையின் இரத்த ஓட்டத்தை ஆராய்ந்தனர். இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்கு இம்முறை பயன்பட்டது. பிளாஸ்டிக் குழாய்கள் வந்தபின் மேலை நாடுகள் இதனைக் கைவிட்டன. மீண்டும் நினைவூட்டியது நம் பாரத நாடே. இங்கு காலரா பரவியபோது எலும்பு வழியே நீர் ஏற்றப்படுவதைக் கண்ட அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஜேம்ஸ் ஓர்லோவ்ஸ்கி, 1984-ல் மருத்துவ இதழொன்றில் அதன் சிறப்பை வலியுறுத்தி எழுதினார்.

இத்திறனைக் கற்பது எங்ஙனம்? இதற்கான தேவை அடிக்கடி நேர்வதில்லை. நேரும்போதோ தயங்க நேரமில்லை. கற்பவரின் கை முதன்முதலாக நடுங்குவது ஒரு குழந்தையின் காலில் ஆகலாகாது. அதன்பொருட்டே பயிற்சி மாதிரிகள் ஏற்பட்டன. அவற்றுள் எளியது கோழியின் கால் எலும்பு. ஊசியைத் திருகி அழுத்தும்போது கடினமான மேற்புறம் எதிர்க்கும்; பின்னர் சட்டென்று தடை விலகும். அந்த உணர்வைக் கை அறிந்துகொள்வதே முதற்பாடம். பிளாஸ்டிக்கினால் செய்த குழந்தைக் கால்களும் உண்டு. அவற்றில் எலும்புத் துண்டை மாற்றிப் பொருத்திப் பலமுறை பழகலாம். சரியான இடத்தை அடைந்தால் சிவப்பு நீர் வெளிவரும்.

பழகாத கை செய்யக்கூடிய பிழைகள் சிறியவை அல்ல. இடம் தவறினால் எலும்பு வளரும் பகுதி பழுதுறலாம். ஊசி மறுபுறம் துளைத்து வெளியேறினால், நீர் தசையில் பரவிக் கால் வீங்கும். பொம்மைக் காலில் நேரும் பிழையைத் திருத்திக்கொள்ளலாம். அதனால் யாருக்கும் தீங்கில்லை.

2019-ல் நடைமுறைக்கு வந்த மருத்துவக் கல்வி விதிகள், கல்லூரிதோறும் திறன் பயிற்சிக் கூடம் வேண்டுமென்றன. பனச்சமூட்டுக்கு அருகே காரக்கோணத்திலும் மருத்துவக் கல்லூரி உள்ளது. மருத்துவம் பயிலும் நம் இளைஞர்கள் இப்பயிற்சியை ஆர்வத்துடன் பெறுதல் வேண்டும்.

பெற்றோர் செய்யத்தக்கவையும் உள. முதல் பேதி கண்டவுடனே உப்புச் சர்க்கரைக் கரைசலைப் புகட்டத் தொடங்குக. குழந்தை சோர்ந்தால் தாமதியாது மருத்துவமனை சேர்க. முறிந்த எலும்பில் இவ்வூசி இடலாகாது. ஆதலின் குழந்தையின் கால் எப்போதேனும் முறிந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுக. ஊசி எலும்பிலேயே தங்கிவிடுமோ என்று அஞ்ச வேண்டா. வேறு வழி கிடைத்ததும், பெரும்பாலும் 24 மணி நேரத்திற்குள், அதனை எடுத்துவிடுவர். மருத்துவர் எலும்பு ஊசி வேண்டுமென்றால், அது கடைசி முயற்சி என்று மனமுடைந்து போகாதீர்கள். குழந்தையைக் காக்க இன்னும் திறந்திருக்கும் வழி அது.