சவ்வின் நலமும் கணக்கின் துணையும்

பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் 1956 நவம்பர் 1ஆம் நாள் முதல் கேரள மாநிலத்தின் தென்னெல்லை ஊர்கள். அங்கிருந்து பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களுக்குச் சென்ற தமிழன்பர்கள் விழிஞம் கடற்கரையை அறிவார்கள். அங்கே 1991இல் கடலலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையம் ஒன்று அமைந்தது. அந்த ஆற்றலைக் கொண்டு கடல்நீரைக் குடிநீராக்கும் கருவியும் 2004இல் இயக்கிக் காட்டப்பட்டது. நாளொன்றுக்குப் பத்தாயிரம் லிட்டர் அதன் அளவு. இன்று அலைமின் நிலையம் இயங்கவில்லை. ஆயினும் அத்தகைய கருவி எழுப்பும் வினா ஒன்று நம் சிந்தனைக்குரியது: உள்ளிருக்கும் சவ்வு நலமாயுள்ளதா என்று எவ்வாறு அறிவது?

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புண்டு. அதனைச் சவ்வின் ஒருபுறம் நிறுத்தி, வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஐம்பது, அறுபது மடங்கு அழுத்தினால், நீர் மறுபுறம் கசியும். உப்பு பெரும்பாலும் தங்கிவிடும். இதுவே எதிர்ச் சவ்வூடு பரவல். இதனை நடைமுறைக்குக் கொணர்ந்த சவ்வை 1960ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவில் உருவாக்கிய இருவருள் ஒருவர், இந்தியாவில் பிறந்த சௌரிராஜன்.

நாளடைவில் சவ்வின்மேல் அழுக்குப் படியும். கிடைக்கும் நீர் குறைந்தால் அதனை அறியலாமே என்போம். அங்கேதான் ஏமாற்றம். நீரின் வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் கசிவு ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்கு மிகும். சவ்வு பத்துப் பங்கு திறன் இழந்த வேளையில் கடல் நான்கு பாகை சூடேறியிருந்தால், அளவுமானியில் குறையே தோன்றாது! அலையாற்றலில் இயங்கும் கருவியிலோ அழுத்தமும் ஓயாது மாறக்கூடும்.

ஆகவே வெப்பம், அழுத்தம், உப்பு, நீரளவு ஆகியவற்றை நாள்தோறும் குறித்து வைக்கிறார்கள். சவ்வு புதிதாயிருந்த காலத்துக் குறிப்புகளிலிருந்து, இந்நிலையில் இவ்வளவு நீர் வரவேண்டும் என்னும் வாய்பாட்டைப் புள்ளியியல் முறையால் வகுக்கிறார்கள். எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள விகிதமே சவ்வின் நாடி. ஒருநாள் வேறுபாடு தற்செயலாகலாம். வாரக்கணக்கில் தொடர்ந்து இறங்கினால் அது நோய். விகிதம் பத்து, பதினைந்து பங்கு தாழ்ந்தவுடன் கழுவினால் சவ்வு பெரும்பாலும் தேறும். தாமதித்தால் அதனை மாற்றவே நேரும். வாய்பாடும், தான் கண்டறியாத வெப்பத்திலும் அழுத்தத்திலும் பிழைபடலாம் என்பதை மறத்தலாகாது.

தில்லியில் வாழும் அன்பர்களே, உங்கள் இல்லத்து நீர் சுத்திகரிப்புக் கருவிக்கும் இக்கணக்குப் பொருந்தும். மார்கழிக் குளிரில் நீர் பதினைந்து பாகை தணிந்தால், வரத்து மூன்றில் ஒரு பங்கு குறையலாம். சவ்வு கெட்டதென்று உடனே காசு செலவிடுவதற்கு முன், குளிர் எத்தனை பங்கைக் கொண்டது என்று கணக்கிட்டுப் பார்ப்பது நன்று.