கூத்துச் சேதி ஊருக்கு எட்டும் விதம்

சென்னை – அரக்கோணம் இருப்புப் பாதையில் உள்ள மணவூரையும் அருகிலுள்ள திருத்தணியையும் உள்ளிட்ட வட தமிழகத்தில், மகாபாரதக் கதையைப் பகலில் பிரசங்கமாகவும் இரவில் தெருக்கூத்தாகவும் நிகழ்த்தும் மரபு திரௌபதி அம்மன் கோயில் விழாக்களை ஒட்டி வளர்ந்ததாகும். எந்த இரவில் எந்த நாடகம், அதை ஆடும் ஜமா, அதாவது கூத்துக் குழு, எது என்பன விழா நோட்டீசில் நாள்வாரியாக அச்சிடப்பட்டு டீக்கடைச் சுவர்வரை ஒட்டப்படுகின்றன. எழுத்தறியாதவருக்கு அழைப்பாக அமைந்தது களரி கட்டுதல்; ஆட்டத்துக்கு முன் மத்தளமும் தாளமும் முகவீணையும் சேர்ந்து முழங்கும் இத்தொடக்க இசை, இரவின் அமைதியில் அடுத்த ஊர்வரை கேட்கக்கூடியது.

1905இல் திரைப்பட முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட் படம் காட்டும் கருவியுடன் ஊர் ஊராகப் பயணம் தொடங்கிய பின் பரவிய நடமாடும் திரைக் கொட்டகைகளும், மாட்டு வண்டியில் விளம்பரத் தட்டி கட்டி, மேளம் கொட்டி, நோட்டீஸ் வீசியே கூட்டம் சேர்த்தன.

இன்று அதே கூத்து நோட்டீஸ் படமாக வாட்ஸ்அப்பில் பரவுகிறது. அதில் ஜமாவின் பெயரும் ஊரும் விடுபடாமல் இருப்பது மிக முக்கியம், ஏனெனில் கலைஞருக்கு அடுத்த அழைப்பைப் பெற்றுத் தருவது அந்த ஒரு வரியே.